வானியல் ஆர்வலர்: சொல்லும் வரலாறும்

ஊதியம் கருதாது இரவுதோறும் விண்மீன்களை நோக்கி வருவாரை ஆங்கிலத்தார் ‘அமெச்சூர்’ என்பர். பிரெஞ்சு வழி வந்த இச்சொல்லின் மூலமாகிய இலத்தீன் சொல் ‘அன்பு செலுத்துவோன்’ எனப் பொருள்படும். தமிழில் அன்னார் செயலைப் ‘பொழுதுபோக்கு’ என்பாரும் உளர். அவரை ‘ஆர்வலர்’ என்பாரும் உளர். இவ்விரண்டனுள் வரலாற்றுக்கு ஒத்தது யாது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

1781 மார்ச்சு 13-ஆம் நாள் இரவு, இங்கிலாந்தின் பாத் நகரில் இசைத்தொழில் புரிந்துவந்த வில்லியம் எர்செல், தம் கையால் இயற்றிய தொலைநோக்கியில் யுரேனசுக் கோளைக் கண்டார். இதனை வெறும் நற்பேறு எனக் கூறியதற்கு அவர் உடன்படவில்லை. விண்மீன்களை வரிசை பிறழாது நோக்கி வந்தமையின், அக்கோள் தம் கண்ணிற்படும் முறை அன்று வந்தது என்பதே அவர் விடையாகும். எனினும், முதலில் அதனை வால்மீன் என்றே அவர் கருதினார். அதன் பாதையைக் கணித்துக் கோள் எனத் தெளிவித்தோர் இலெக்செல் முதலிய கணிதவல்லார். நோக்குவாரும் கணிப்பாரும் கூடியவழியே கண்டுபிடிப்பு முற்றுப்பெறும் என்பது இதனாற் பெறப்படும்.

நம் நாட்டு வரலாறும் இதற்குச் சான்று பகரும். இன்று வங்காளதேசத்திலுள்ள செசூரில், அரசாங்கக் கருவூலத்தில் நாணய நோட்டம் பார்த்தவர் இராதாகோவிந்த சந்திரர். பண்டைத் தமிழர் ‘வண்ணக்கர்’ என வழங்கிய தொழில் அது. பகலிற் காசின் மாற்றுக் கண்ட அவர், இரவில் விண்மீன்களின் ஒளிமாற்றம் கண்டார். 1918 சூனில் கழுகு விண்மீன் குழுவில் தோன்றிய புதுமீனைத் தாமே கண்டு குறித்தார். அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்குநர் கழகம் அவர்க்கு 6 அங்குலத் தொலைநோக்கியொன்றை அனுப்பியது. அவர் அளித்த ஒளிமதிப்பீடுகள் 37,000-க்கும் மேற்பட்டன. அத்தொலைநோக்கி பின்னர் வைணு பாப்புவிடம் சேர்ந்து, தமிழகத்துக் காவலூர் வான்நோக்ககத்தை அடைந்தது.

பெரும் நோக்ககங்கள் வானத்தைத் தாமாகவே படம்பிடிக்கும் இக்காலத்தில் ஆர்வலர்க்கு இடமில்லை என்பாரும் உளர். அது பொருந்தாது. 2016 செப்டம்பர் 20-ஆம் நாள், அர்செந்தீனாவின் உரோசாரியோ நகரில் பூட்டுத் தொழில் செய்யும் விக்டர் புசோ, தம் புதிய படக்கருவியைச் சோதிக்க ஓர் அண்டத்தையே தொடர்ந்து படம்பிடித்தார். ஒரு விண்மீன் வெடிக்கும் முதற்பொழுதின் ஒளி அப்படங்களிற் பதிந்தது. பெருங்கருவிகள் ஓரிடத்தைச் சிறிது நேரமே நோக்கி அடுத்த இடத்திற்கு நகர்வன. ஆர்வலரோ ஓரிடத்திலேயே நெடும்பொழுது நிற்க வல்லார். அப்பதிவை ஆராய்ந்து பொருள் கண்ட வானியலார், 2018-இல் வெளியிட்ட கட்டுரையிற் புசோவின் பெயரையும் ஆசிரியருள் ஒன்றாகச் சேர்த்தனர். 2019 ஆகத்து 30-ஆம் நாள் கிரீமியாவில் கெனடி போரிசோவ், தாமே அமைத்த 65 செ.மீ. தொலைநோக்கியால் ஒரு வால்மீனைக் கண்டார். ஞாயிற்றுக் குடும்பத்திற்குப் புறத்தேயிருந்து வந்ததாக அறியப்பட்ட முதல் வால்மீன் அதுவே என்பதைப் பாதைக் கணிப்பு நிறுவியது.

இசைவாணர், நாணய நோட்டக்காரர், பூட்டுத் தொழிலாளர் என்னும் இவர்கள் பொழுதைப் போக்கினாரல்லர். பொழுதைப் பதிந்து வைத்தனர். ஆகலின் ‘பொழுதுபோக்கு’ என்பது இவர்தம் பணியைக் குறைத்துக் கூறும் சொல்லாகும். ‘ஆர்வலர்’ என்பதே மூலப்பொருளொடும் வரலாற்றொடும் இயைவது. கலைச்சொல் ஆக்குவோர் இதனைக் கருதுதல் வேண்டும். ஒருவர் உழைப்பை அறிவுவரலாற்றிற் சேர்ப்பதும் நீக்குவதும் சிலபொழுது ஒரு சொல்லின் பாற்பட்டனவாம்.