பாட்டி துப்பறிந்தால்



போன வாரம் மனோரமா ஆச்சியைப் பற்றி இரண்டு வரி போட்டிருந்தேன். அதற்கு, ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒருவர் (இப்போது அவர் மகளே கல்லூரிக்குப் போகிறாள்) ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். "டீச்சர், இங்கிலீஷ் படத்துல ஒரு கிழவி கொலையைக் கண்டுபிடிப்பாங்களே, அந்த மாதிரி நம்ம தமிழ்ல ஏன் வரல?" நல்ல கேள்வி. கமெண்ட்டில் அடங்காது என்பதால் தனியாக எழுதுகிறேன்.

அவர் சொன்ன படம் 1961-இல் வந்த 'மர்டர் ஷீ செட்'. அகதா கிறிஸ்டியின் நாவலை வைத்து எடுத்தது. ரயிலில் போகும் மிஸ் மார்ப்பிள், பக்கத்துத் தண்டவாளத்தில் போகும் ரயிலில் ஒருவன் ஒரு பெண்ணின் கழுத்தை நெரிப்பதைப் பார்க்கிறார். போலீஸ் நம்பவில்லை. கதைப் புத்தகம் படித்துப் படித்து இந்தம்மாவுக்கு மனப்பிரமை என்று நினைக்கிறார்கள். அவரோ பிணத்தைத் தேடி ஒரு பணக்கார வீட்டில் வேலைக்காரியாகவே சேர்ந்துவிடுகிறார். நாவலில் கொலையைப் பார்ப்பவர் வேறொரு பெண், வேலைக்குச் சேர்பவர் இன்னொரு பெண். படத்தில் அந்த இரண்டு பேர் வேலையையும் சேர்த்து மார்கரெட் ரூதர்ஃபோர்டு ஒருவரிடமே கொடுத்துவிட்டார்கள். படம் வந்தபோது அவருக்கு வயது 69! ஓடியது, அடுத்தடுத்து மூன்று படங்கள் வந்தன. அவருக்குத் துணையாக வரும் நூலகர் நிஜத்தில் அவருடைய கணவர்தான்.

நம் பக்கம் இதற்குக் கிட்டத்தில் வந்தது ஏவி.எம். எடுத்த 'பாட்டி சொல்லைத் தட்டாதே', 1988. துப்பறியும் கதை இல்லை, ஆனால் கலாட்டா உண்டு. சித்ராலயா கோபு எழுதியது. 'காக்கி சட்டை', 'விக்ரம்' என்று அடிதடிப் படங்கள் எடுத்த ராஜசேகர் இயக்கியது. பேரனாகப் பாண்டியராஜன், அவர் மனைவியாக ஊர்வசி, சொன்னபடி கேட்கும் ஒரு ஃபோக்ஸ்வாகன் கார். டிஸ்னி 1968-இல் ஓட்டிக் காட்டிய காருக்கு இது ஒன்றுவிட்ட தம்பி. உங்களில் பாதிப் பேருக்குப் படம் என்றாலே அந்தக் கார்தான் ஞாபகம் வரும். ஆனால் தலைப்பில் இருப்பது பாட்டி. தலைப்புப் பாட்டையும் மனோரமாவே பாடினார்.

இங்கே ஒரு கணக்கு. மனோரமா 1937-இல் மன்னார்குடியில் பிறந்தவர். பாட்டியாக நடித்தபோது வயது 51. 'உலகம் சுற்றும் வாலிபன்' 1973-இல் வந்தபோது வாலிபருக்கு வயது 56. எம்.ஜி.ஆர். ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம், நானும் அந்தப் படத்தை வாய் பிளந்து பார்த்தவள்தான். ஆனால் கணக்கு கணக்குதான். 'ஔவையார்' படத்தில் கோலூன்றி நடந்த கே.பி.சுந்தராம்பாளுக்கு 45 வயதுகூட நிறையவில்லை. 1996-இல் 42 வயதுக் கமல்ஹாசன் மாமி வேஷம் போட்டு 'அவ்வை சண்முகி' ஆனார். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். வயதான பெண்ணை வைத்துச் சிரிப்புப் படம் ஓடும் என்று தெரிந்திருக்கிறது, அதற்கு ஒரு பெண் வேண்டும் என்றுதான் தோன்றவில்லை.

கேள்விக்கு வருகிறேன். துப்பறியும் புத்தி நம் பாட்டிகளுக்கு இல்லையா என்ன? சாயங்காலம் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு, எந்த வீட்டில் பால் வாங்கவில்லை, யார் வீட்டு மாடு இன்னும் திரும்பவில்லை, டவுன் பஸ்ஸில் வந்து இறங்கிய புது ஆள் எந்தப் பக்கம் திரும்பினான், எல்லாம் அத்துப்படி. மிஸ் மார்ப்பிளின் முறையும் இதேதான். தன் கிராமத்து மனுஷர்களை வைத்து உலகத்து மனுஷர்களை எடை போடுவது.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. மிஸ் மார்ப்பிள் கல்யாணம் ஆகாதவர். யாருக்கும் அம்மா இல்லை, பாட்டி இல்லை. ஒரு வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டால் கேட்க ஆள் இல்லை. நம் சினிமாவில் வயதான பெண் என்றால் யாருக்காவது அம்மா, மாமியார், அத்தை, பாட்டி. உறவு இல்லாமல் அவளுக்குப் பெயரே கிடையாது. 1988-இல் அவளுக்குக் கிடைத்த பெரிய பதவியும் "பாட்டி" என்பதுதான். பேரனை அதட்டலாம், மருமகளை மிரட்டலாம். வீட்டுக்கு வெளியே ஒரு கொலையை அவள் ஏன் விசாரிக்க வேண்டும் என்று கேட்பார்கள்.

நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டை உங்களுக்கு நடத்தியிருக்கிறேன். 919-இல் வாரியத்துக்கு நிற்க வயது 30 முதல் 60 வரை. 921-இல் அதை 35 முதல் 70 வரை என்று திருத்தினார்கள். வயதுக்கு மரியாதை கூடியிருக்கிறது பாருங்கள். நிலம், சொந்த வீடு, வேதப் பயிற்சி என்று மற்ற தகுதிகளும் உண்டு. எல்லாம் ஆண்களுக்கு.

மனோரமாவுக்கு வருவோம். நாடகத்தில் கதாநாயகியாக நடித்துக்கொண்டிருந்தவர். 1958-இல் கண்ணதாசன் 'மாலையிட்ட மங்கை'யில் நகைச்சுவை வேடம் கொடுத்தார். 1963-இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகி. அதன்பின் பெரும்பாலும் நகைச்சுவையும் குணச்சித்திரமும்தான். ஆயிரம் படங்களைத் தாண்டி நடித்த அவரை நடுவில் நிறுத்திக் கதை சொன்ன படங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பாட்டி படத்துக்கு அடுத்த வருடம், 1989-இல், 'புதிய பாதை'க்காக அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. சிறந்த துணை நடிகைக்கான விருது.

இப்போது நானும் பாட்டிதான். என் பேத்தி ரிமோட்டை ஒளித்து வைத்தால் இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுகிறேன். உங்கள் வீட்டுப் பாட்டி கண்டுபிடித்த திருட்டு ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள். ஊர்ப் பெயரோடு எழுதுங்கள், திருடன் பெயர் வேண்டாம்.