கையில் சொரசொரவென்று புடைப்புகள்... தேய்த்தால் போகுமா?

மேல்கையின் பின்புறத்தைத் தடவிப் பாருங்கள். மணல் ஒட்டியதுபோல் சொரசொரவென்று இருக்கிறதா? பரு என்று நினைத்து அதைக் கிள்ளுவோர் உண்டு. அழுக்கு என்று பீர்க்கங்காய் நாரால் தேய்ப்போரும் உண்டு.

இரண்டுமே வேண்டாம்.

அது என்ன?

அதன் பெயர் கெராட்டோசிஸ் பைலாரிஸ். 'கோழித்தோல்' என்றும் சொல்வார்கள். கெராட்டின் எனும் புரதம், முடி வளரும் துளையில் சேர்ந்து அதை அடைத்துக்கொள்கிறது. ஒவ்வோர் அடைப்பும் ஒரு புடைப்பு. தொடையிலும் பிட்டத்திலும் வரலாம். பிள்ளைகளுக்குக் கன்னத்திலும் வரும்.

அது தொற்றாது. சுத்தக்குறைவால் வருவதும் இல்லை. பெரும்பாலும் குடும்ப வழியாக வருகிறது. பதின்ம வயதில் கூடும். வயது ஏற ஏறப் பலருக்குத் தானாகக் குறையும்.

வறண்ட தோல் உள்ளவர்களிடம் அதிகம் தெரியும். "நம்ம ஊர் ஈரப்பதத்துக்குத் தோல் எப்படி வறளும்?" என்று கேட்கிறீர்களா? நாள் முழுக்க ஏர்கோன் அறையில் இருந்தால் வறளலாம். வெந்நீரில் நெடுநேரம் குளித்தாலும் வறளும்.

வேர்க்குருவா?

வேர்க்குரு புழுக்கத்தில் வரும், அரிக்கும், சில நாளில் அடங்கும். இது மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும். பெரும்பாலும் அரிக்காது.

ஏன் தேய்க்கக்கூடாது?

அழுத்தித் தேய்த்தால் தோல் அழற்சி அடையும். மாநிறத் தோலில் அழற்சி அடங்கியபின் கருமை தங்கிவிடும். மறையப் பல மாதங்கள் ஆகலாம். புடைப்பு தடவினால்தான் தெரியும். கருமை தூரத்திலிருந்தே தெரியும்!

அதை மறைக்க இணையத்தில் வெண்மையாக்கும் களிம்பு வாங்குவோரும் உண்டு. அத்தகைய சில களிம்புகளில் பாதரசமும் ஸ்டீராய்டும் இருப்பதாகச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் எச்சரித்திருக்கிறது.

என்ன செய்யலாம்?

வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் குளியுங்கள். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் ஈரப்பசைக் களிம்பு பூசுங்கள். யூரியா அல்லது லாக்டிக் அமிலம் கலந்த களிம்பு நல்லது. மருந்துக்கடைகளில் கிடைக்கும். விலை கூடியதுதான் வேலை செய்யும் என்றில்லை. எரிச்சல் வந்தால் நிறுத்திவிடுங்கள். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வாங்கும் முன்னர் மருந்தாளரிடம் கேளுங்கள்.

பலன் தெரியச் சில வாரங்களாகும். பூசுவதை நிறுத்தினால் சொரசொரப்பு திரும்பிவிடும். அது களிம்பின் குறையல்ல, தோலின் இயல்பு.

வலி, சீழ், கடும் அரிப்பு இருந்தாலோ வேகமாகப் பரவினாலோ அது வேறொன்றாக இருக்கலாம். குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ காட்டுங்கள்.