மேரி வர்கீஸ்

மேரி வர்கீஸ் (1925–1986): கொச்சியில் பிறந்த மருத்துவர், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து அங்கேயே பேராசிரியரானவர். 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு சிதைந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். கை அறுவை மருத்துவராக அவர் உருவானது அதன் பிறகுதான். தொழுநோயாளிகளுக்குக் கை அறுவை செய்துவந்த மருத்துவர் பால் பிராண்டிடம் பயின்று, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, தொழுநோயால் மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். கை அறுவை உட்கார்ந்து செய்யக்கூடியது என்பதால் அது முடிந்தது. நியூயார்க்கில் மருத்துவர் ஹோவர்ட் ரஸ்க் என்பவரின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, 1963இல் வேலூரில் அத்துறைக்குத் தலைவரானார். 1966இல் அங்கு மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ பெற்றார். இலங்கையின் பசறைத் தேயிலை மலையில் சறுக்கி விழுந்து முதுகொடிந்த தொழிலாளிக்கு, அவர் குடியிருக்கும் லயத்தின் படிகளே சிறையாகிவிடும். வேலூரில் மேரி வளர்த்த மருத்துவம் அந்தப் படிகள்வரை வர வேண்டும்.