யானைக்கு எத்தனை மா நிலம்?

காரைக்காலில் காட்டு யானை கிடையாது. சுற்றிலும் வயல், ஒரு பக்கம் கடல். 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து உட்கார்ந்து, 1954-ல் கிளம்பிப்போன இந்தத் துண்டு பூமியில் யானை என்றால் கோயில் யானைதான். ஒரு ரூபாய் கொடுத்தால் தும்பிக்கையைத் தலையில் வைக்கும். குழந்தைகள் கைதட்டும். அவ்வளவுதான் நம் டெல்டாக்காரர்களுக்கு யானையோடு உள்ள பழக்கம்.

அப்படியா?

காரைக்காலில் பஸ் ஏறி நாகப்பட்டினம் போய், சிக்கலில் இறங்குங்கள். சிங்காரவேலர் கோயிலில் சுவாமியைப் பார்க்கப் படியேறித்தான் போகவேண்டும். பக்கத்திலேயே கீழ்வேளூரிலும் அதே கதை. இவை மாடக்கோயில்கள். கோச்செங்கட் சோழன் கட்டியதாகச் சொல்வார்கள். முற்பிறவியில் அவன் ஒரு சிலந்தி. திருவானைக்காவில் ஒரு யானையோடு அவனுக்குச் சண்டை. அந்தக் கோபம் மறுபிறவியிலும் தீராமல், யானை ஏற முடியாதபடி உயரமாகக் கோயில் கட்டினானாம். புராணத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால், யானையே வராத ஊரில் ‘யானை ஏறாத கோயில்’ என்ற நினைப்பு மட்டும் எப்படி வந்தது? ஆற்றங்கரைக் காட்டை வெட்டி வயலாக்கிய ஒரு சமூகத்தின் பழைய பயம் அந்தக் கதைக்குள் எங்கோ படுத்துக் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

யானைக்கும் நெல்லுக்கும் உள்ள தகராறு அவ்வளவு பழசு. புறநானூற்றின் 184-வது பாட்டே அதைப் பற்றித்தான். பாண்டியன் அறிவுடைநம்பிக்கு, வரி எப்படி வாங்கவேண்டும் என்று புலவர் பிசிராந்தையார் பாடம் நடத்துகிறார். அதற்கு அவர் எடுத்த உதாரணம், யானை புகுந்த வயல்! ஒரு மாவுக்கும் குறைவான நிலத்து விளைச்சல் போதும், முறையாக அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் யானை பல நாள் சாப்பிடும். அதே யானையை வயலுக்குள் விட்டுவிட்டால்? தின்பதைவிட துவைப்பதுதான் அதிகம். 2019 பட்ஜெட் உரையில் நிர்மலா சீதாராமன் எடுத்துச் சொன்னதும் இதே பாட்டைத்தான்.

மன்னனுக்கு அது வரிப் பாடம். ஆனால், அந்த உதாரணம் புலவருக்கு எங்கிருந்து கிடைத்திருக்கும்? ராத்திரியில் யானை இறங்கி, விடிந்ததும் வயலைப் பார்த்துத் தலையில் கைவைத்த ஏதோ ஒரு குடியானவனிடமிருந்துதானே! ‘மா’ கணக்கு இன்றைக்கும் டெல்டாவில் உண்டு. மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு 150 கிலோவுக்கு மேல் தீனி வேண்டும். கூட்டமாக வந்தால் ஒரே ராத்திரியில் என்ன ஆகும் என்பதை நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இந்தத் தகராறை ராஜாக்கள் எப்படிச் சமாளித்தார்கள்? சிம்பிள். பிடித்தார்கள், விற்றார்கள்.

நம் கரைக்கு எதிர்க்கரையைப் பாருங்கள். இலங்கை யானைகளைக் கப்பலில் ஏற்றிக் கலிங்க மன்னனுக்கு விற்றார்கள் என்று ஏலியன் என்ற ரோமானிய எழுத்தாளர் எழுதி வைத்திருக்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று நயினாதீவில் இருக்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் அரசுக்கு நாலில் ஒரு பங்கு, சாதாரண சரக்குக் கப்பல் என்றால் சரிபாதி என்கிறது அது. யானை வியாபாரிக்கு ஸ்பெஷல் சலுகை!

1658-ல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த டச்சுக்காரர்கள் இதைப் பெரிய பிசினஸாகவே நடத்தினார்கள். வன்னித் தலைவர்கள் வருஷா வருஷம் யானைகளாகத் திறை கட்டவேண்டும். கட்டாமல் பாக்கி வைப்பதும் வழக்கம்தான். வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை ஆழம் குறைந்த கடல்நீரேரி வழியே ஓட்டிவந்தார்கள். அந்த இடத்தின் பெயர்தான் ஆனையிறவு. பிற்காலத்தில் யுத்தச் செய்திகளில் நாம் கேட்டுக் கேட்டுப் பழகிய அதே ஆனையிறவு! அங்கிருந்து ஊர்காவற்துறை. அதற்குப் போர்த்துக்கீசியர் வைத்த பெயரே ‘யானைத் துறை’ என்று அர்த்தப்படும். ‘கயிட்ஸ்’ என்பது அதன் மிச்சம். யானையின் உயரத்தை அளந்து விலை பேச, சோழமண்டலக் கரையிலிருந்தும் கோல்கொண்டாவிலிருந்தும் வியாபாரிகள் வந்தார்கள்.

யானைக்கு இது நல்லதா? இல்லவே இல்லை. பிடிக்கும்போதும் பழக்கும்போதும் செத்தவை ஏராளம். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். யானை அன்றைக்கு ஒரு சொத்து. சொத்தை யாரும் சும்மா சுட்டுத் தள்ள மாட்டார்கள்.

அந்தக் கணக்கை மாற்றியவர்கள் ஆங்கிலேயர்கள். பீரங்கியும் ரோடும் வந்தபின் போர் யானைக்கு மவுசு போயிற்று. காப்பித் தோட்டத்துக்குக் காடு தேவைப்பட்டது. சொத்தாக இருந்த யானை, ஒரே தலைமுறையில் தொல்லையாக மாறியது. இலங்கையில், கொன்ற யானைக்குத் தலைக்கு இவ்வளவு என்று அரசாங்கமே பரிசு கொடுத்தது. 1848-க்கு முந்தைய மூன்று வருஷத்துக்குள், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு மேல் கொல்லப்பட்டன என்று எழுதியிருக்கிறார் எமர்சன் டெனன்ட். அவர் ஏதோ ஊர்சுற்றி அல்ல. இலங்கை அரசாங்கத்தின் காலனியச் செயலாளராகவே இருந்தவர். மேஜர் ரோஜர்ஸ் என்று ஒருவர் தனியாளாக 1,400 யானைகளைச் சுட்டதாகச் சொல்வார்கள். 1845-ல் இடி விழுந்து செத்தார்.

பிறகு ஞானோதயம். சென்னை மாகாணத்தில் 1873-ல் காட்டு யானையைக் காக்க ஒரு சட்டம். 1879-ல் பிரிட்டிஷ் இந்தியாவுக்கே ஒரு சட்டம். அதிலும் பாருங்கள், வீட்டையோ பயிரையோ அழிக்கும் யானையைக் கொல்லலாம் என்று விதிவிலக்கு வைத்தார்கள். அந்த வழியும் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அடைபட்டது. 1977-லிருந்து யானை முதல் அட்டவணையில் இருக்கிறது. 1992-ல் யானைகள் திட்டம் வந்தது. எல்லாம் நியாயம்தான். ஆனால் அந்தக் குடியானவன்? ராஜா காலத்தில் யானைப் பிடிக்காரன் வந்தான், வெள்ளைக்காரன் காலத்தில் துப்பாக்கிக்காரன் வந்தான். இப்போது ராத்திரி இரண்டு மணிக்கு வயலில் தீவட்டியோடு நிற்பவன் அவன் மட்டும்தான்.

தனியாக விடப்பட்டவன் என்ன செய்வான்? சிலர் வேலியில் நேரடியாக மின்சாரத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படியொரு வேலியில் மூன்று பெண் யானைகள் விழுந்தன. செத்துக் கிடந்தவற்றைச் சுற்றிச் சுற்றி வந்த இரண்டு குட்டிகளை நாடே டி.வி-யில் பார்த்தது. விவசாயி கைதானார். அதே வருஷம் மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தத் தமிழக அரசு விதிமுறை கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 2024 கணக்கெடுப்பின்படி 3,063 யானைகள். இலங்கையிலோ 2023-ல் மட்டும் செத்தவை நானூறுக்கு மேல். மனிதர்கள் நூற்றைம்பதுக்கும் மேல்.

அப்போ தீர்வே கிடையாதா?

இருக்கிறது. அதுவும் அதே இலங்கையில்தான். அங்கே ரொம்ப காலமாக மின்வேலியை எங்கே போட்டார்கள் தெரியுமா? வனவிலங்குத் துறை நிலத்துக்கும் வனத்துறை நிலத்துக்கும் நடுவில். இந்தப் பக்கமும் யானை, அந்தப் பக்கமும் யானை! எந்த ஆபீஸின் எல்லை எது என்பது யானைக்கு எப்படித் தெரியும்? சும்மா தள்ளிக்கொண்டு போயின. அடித்து விரட்டிச் சரணாலயத்துக்குள் அடைத்த யானைகள் சில இடங்களில் பட்டினியால் செத்தன.

பிருதிவிராஜ் பெர்னாண்டோ என்ற யானை ஆய்வாளரும் அவருடைய குழுவும் இதைத் தலைகீழாக்கினார்கள். யானையை வேலிக்குள் அடைக்காதே, ஊரையும் வயலையும் வேலிக்குள் வை. கல்கமுவ பகுதி வயல்களில் விதைக்கும்போது விவசாயிகளே சேர்ந்து வேலி போடுகிறார்கள். ஆளை அடிக்கும், கொல்லாத மின்சாரம். அறுவடை முடிந்ததும் கழற்றிவிடுகிறார்கள். அப்புறம் யானை வந்து தாளைத் தின்றுவிட்டுப் போகும். வேலி ஊர்க்காரர்கள் கையில் இருப்பதால் அதை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். 2020-ல் அவர் தலைமையிலான குழு, நாடு முழுவதும் இதைச் செய்யத் திட்டமே எழுதிக் கொடுத்தது.

நம் வால்பாறையில் வேறு வழி. அங்கே நடந்த சாவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம், யானை பக்கத்தில் நிற்பதே தெரியாமல் போய் மாட்டிக்கொண்டதுதான். ஆனந்த குமார் என்ற ஆய்வாளரும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பினரும், யானை இன்றைக்கு எந்த எஸ்டேட்டில் நிற்கிறது என்று தொழிலாளர்களின் செல்போனுக்கு 2011-லிருந்து எஸ்.எம்.எஸ். அனுப்பினார்கள். பக்கத்தில் யானை என்றால் எரிகிற சிவப்பு விளக்குகளையும் வைத்தார்கள். உயிர்ச்சேதம் குறைந்தது. 2015-ல் அவருக்கு விட்லி விருது கிடைத்தது.

இரண்டிலும் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எந்த மாதம் வயல் மனிதனுக்கு, எந்த மாதம் யானைக்கு. எந்தப் பாதையில் இன்று யார் போவது என்று பேசி முடிவு செய்துகொண்டார்கள். யானையோடு பேச முடியாது, வாஸ்தவம்தான். ஆனால் விவசாயியோடு பேசலாமே! மிதிபட்ட பயிருக்கான நஷ்டஈடு அடுத்த விதைப்புக்கு முன்னால் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தால், திருட்டு மின்சாரத்தை வேலியில் கொடுக்கத் தோன்றுமா?

ஒரு மா நிலத்துக் கணக்கைப் பிசிராந்தையார் எப்போதோ போட்டுக் காட்டிவிட்டார். யானை சாப்பிட்டதற்கு ஊரே சேர்ந்து பங்கு கொடுத்தால் ஆளுக்கு ஒரு கவளம்தான். ஒருத்தன் தலையில் மட்டும் கட்டினால், போவது அவனுடைய மொத்த வயல்.