தொடர் விளையாட்டுகளில் வரைகலைப் பாய்ச்சல்

கணினி விளையாட்டொன்றின் அடுத்த பாகம், பழைய பெயரோடு வந்தாலும், பார்த்தவுடன் வேறோர் உலகம் என்று தோன்றும்படி மாறியிருப்பதை வரைகலைப் பாய்ச்சல் எனலாம். ஓவியரின் கைவண்ணம் மட்டும் இதற்குக் காரணமல்ல. விளையாட்டு ஓடும் கருவி மாறும்போதுதான் பெரும்பாலும் இது நேர்கிறது.

ஜப்பானின் கப்கொம் நிறுவனம் 1987இல் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைற்றரை இன்று நினைவில் வைத்திருப்போர் குறைவு. 1991இல் வந்த இரண்டாம் பாகத்தில் எட்டு வீரர்களில் விரும்பியவரைத் தெரிவுசெய்யலாம். ஒவ்வொருவருக்கும் தனி உடல்வாகு, தனி அசைவு. உலகம் அறிந்தது அதைத்தான்.

1990களின் நடுப்பகுதியில் பிளேஸ்ரேஷனும் நின்ரெண்டோ 64உம் முப்பரிமாணத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தன. கொஜிமா ஹிடேயோவின் மெற்றல் கியர் சொலிட் (1998) அக்காலத்தின் உச்சம். ஆயினும் அதில் வரும் முகங்களுக்கு அசையும் கண்கள் இல்லை. பேசுவது யாரென்று தலையாட்டலைப் பார்த்தே அறியவேண்டும். மூன்றே ஆண்டுகளில், பிளேஸ்ரேஷன் 2இல் வந்த அடுத்த பாகத்தில், கப்பலின் மதுக்கூடத்தில் ஐஸ் வாளியைக் கவிழ்த்தால் சிதறும் கட்டிகள் ஒவ்வொன்றாகக் கரைகின்றன. கதைக்கு அது தேவையே இல்லை. தேவையில்லாத ஐஸ் கட்டிக்கும் கணக்குப் போட இடமிருந்தது என்பதே அந்தப் பாய்ச்சலின் அளவு.

அதே 2001இல் கிராண்ட் தெஃப்ற் ஓட்டோவும் பாய்ந்தது. முதலிரு பாகங்களிலும் (1997, 1999) கமரா வானத்தில் நின்றது. மனிதர் எறும்பளவில் தெரிந்தனர். மூன்றாம் பாகத்தில் அது தெருவுக்கு இறங்கி, நடப்பவரின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. படப்புள்ளிகள் கூடியதைவிடப் பார்வை நின்ற இடம் மாறியதே பெரிது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. இத்தொடரில் மழையில் நனையும் தெருவை ஒருவர் தம் கண்மட்டத்தில் கண்டது அப்போதுதான்.

இப்பாய்ச்சல்கள் நிகழ்ந்த ஆண்டுகளில் இலங்கையின் வன்னி பொருளாதாரத் தடைக்குள் இருந்தது. பற்றரியும் எரிபொருளும் தடைசெய்யப்பட்டிருந்தன. ஓமந்தைக்கு அப்பால் மின்கம்பிவழி மின்சாரமே இருக்கவில்லை. 2002இல் தடை நீங்கி ஏ9 வீதி திறந்தது. 2006இல் வீதி மீண்டும் மூடப்பட்டது. ஆகவே இங்கே விளையாட்டுகள் வரிசைப்படி வந்துசேரவில்லை. வவுனியா நகரிலும் மன்னார் வீதியோரத்து நெளுக்குளத்திலும் வளர்ந்த பலர் முதலில் கண்டது, பிரதிசெய்த இறுவட்டில் வந்த கிராண்ட் தெஃப்ற் ஓட்டோ: வைஸ் சிற்றியைத்தான் (2002). அத்தொடரின் முதலிரு பாகங்களை ரொக்ஸ்ரார் நிறுவனம் பின்னர் இலவசமாகத் தரவிறக்கத் தந்தது. வைஸ் சிற்றியில் தொடங்கியவர் அவற்றைத் திறந்தால் பாய்ச்சல் தலைகீழாகத் தெரியும்: தரையில் நின்றவர் வானத்துக்கு ஏறிவிடுவார். அந்த வியப்பும் வியப்புத்தான்; அதைக் குறைவென்று எண்ண வேண்டியதில்லை.

2004இல் ஹாஃப்-லைஃப் 2 முகத்தைக் கைப்பற்றியது. உளவியலாளர் போல் எக்மன் வகுத்த முகத்தசை அசைவு முறையைப் பின்பற்றி வால்வ் நிறுவனம் கதைமாந்தரின் புருவத்தையும் உதட்டையும் அசைத்தது. 1998இன் முதற்பாகத்தில் வாய் மட்டுமே திறந்து மூடியது.

அதன்பின் பாய்ச்சல்கள் சிறுத்தன, இடைவெளிகள் நீண்டன. கிராண்ட் தெஃப்ற் ஓட்டோவின் ஐந்தாம் பாகம் வந்தது 2013இல். ஆறாம் பாகத்தின் முதல் முன்னோட்டம் வெளியானது 2023 டிசம்பரில். நமக்கு அண்மையில் இப்போது பாய்ச்சல் நிகழ்வது இந்தியாவின் புனேயில். நோடிங் ஹெட்ஸ் குழுவின் ராஜி (2020), ராஜஸ்தானக் கோட்டைகளைத் தொலைவில் நின்ற கமராவால் காட்டியது. அதில் நாயகி சிறு பொம்மையளவே. 2025இல் அறிவிக்கப்பட்ட ராஜி: கலியுகத்தில் கமரா இறங்கி அவள் தோளுக்குப் பின்னால் வந்திருக்கிறது.