லோதி ரோடும் ஒரு நர்மதைப் படக்கதையும்

1987இல் சர்தார் சரோவர் அணைக்கு நிபந்தனைகளுடன் ஒப்புதல் அளித்தது மத்திய சுற்றுச்சூழல், வனத்துறை அமைச்சகம். ஏழாண்டுகளுக்குப் பின், அப்போது தில்லி லோதி ரோட்டின் பர்யாவரண் பவனில் இயங்கிவந்த அதே அமைச்சகத்தின் சிறு நிதியுதவியோடு, அவ்வணையைக் கேள்விக்கு உட்படுத்தும் நூலொன்று வெளிவந்தது. அது, இளம் வாசகருக்கும் எளிதில் எட்டும் படக்கதை வடிவில் ஓரிஜித் சென் படைத்த ‘தி ரிவர் ஆஃப் ஸ்டோரிஸ்’ (1994). வெளியிட்டது, 1979இல் தில்லி மாணவர்கள் தொடங்கிய கல்பவிருக்ஷ் அமைப்பு. இந்தியாவின் முதல் வரைகலை நாவலாகப் பலரும் கருதுவது இதனையே.

1967இல் தொடங்கிய அமர் சித்திரக் கதை, பெரும்பாலும் தெய்வங்களையும் மன்னர்களையும் இளையோர்க்கு நாயகராக்கியது. சென்னின் நூலோ தில்லியில் வீட்டுவேலை செய்யும் ரெல்கு என்னும் ஆதிவாசிப் பெண்ணையும், ஆற்றின் பிறப்பைப் பாடும் மல்கு காயனையும் முன்னிறுத்தியது. செய்தியாளன் விஷ்ணு திரட்டும் தகவல்களுக்கு இணையான சான்றாகப் பாணனின் பாடலையும் வைத்ததில்தான் நூலின் வரலாற்று முக்கியத்துவம் உள்ளது. மூழ்கும் நிலத்தின் பரப்பு அரசுக் கோப்பில் பதிவாகும். அந்நிலத்தோர் அதைப் பற்றிச் சொல்லிவந்த கதைக்கு அங்கே இடமில்லை.

நெடுங்காலம் அச்சில் இல்லாதிருந்த நூலைச் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2022இல் மறுபதிப்பாகக் கொணர்ந்தது. அதற்கு ஐந்தாண்டுகள் முன்பே அணை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டுவிட்டது. எச்சரிக்கையாக எழுதப்பட்டதை இன்றைய மாணவர் ஆவணமாகப் படிக்க நேர்ந்திருக்கிறது.