கண்ணாடியாக நிற்கும் மனிதர்

வீடியோவில் நம்மையே பார்க்கும்போது “ஐயோ, நான் இப்படியா பேசுறேன்?” என்று ஒரு கூச்சம் வரும் இல்லையா? அந்தக் கூச்சத்தை மருந்தாகப் பயன்படுத்திப் பார்த்த வரலாறு ஒன்று உண்டு. அது கேமராவுக்கு முன்பே, நாடக மேடையில் தொடங்கிவிட்டது.

ஜேக்கப் லெவி மொரேனோ 1889இல் புக்காரெஸ்டில் பிறந்து, வியன்னாவில் மருத்துவம் படித்தவர். 1920களின் தொடக்கத்தில் அங்கே எழுதிவைத்த வசனமே இல்லாத ஒரு நாடகக் குழுவை நடத்தினார். குழுவிலிருந்த ஒரு நடிகைக்கு, பின்னாளில் தன் எழுத்தில் பார்பரா என்று பெயர் வைத்தார். மேடையில் சாந்தமே உருவானவர். வீட்டிலோ கணவர்மீது எரிந்து விழுவார். கணவர் வந்து புலம்ப, மொரேனோ அவருக்கு அடாவடியான வேடங்களைக் கொடுத்தார். கோபம் மேடையில் இறங்கியது, வீட்டில் தணிந்தது. பிறகு கணவனும் மனைவியும் சேர்ந்து தங்கள் வீட்டுச் சண்டையையே நடித்தார்கள். உளநாடகம், அதாவது சைக்கோடிராமா, முளைவிட்ட கதையாக மொரேனோ சொல்வது இதைத்தான்.

1925இல் அமெரிக்கா போனார். 1936இல் நியூயார்க் மாநிலத்தின் பீக்கனில் சிகிச்சை இல்லம் திறந்து, அதில் மேடையும் கட்டினார். அவருடைய உத்திகளில் ஒன்றின் பெயர் ‘கண்ணாடி’. சிகிச்சைக்கு வந்தவர் மேடையை விட்டு இறங்கி நிற்பார். குழுவில் இன்னொருவர் அவராகவே மாறி, அவர் நின்ற விதத்தையும் பேசிய தொனியையும் செய்து காட்டுவார். பார்த்துக்கொண்டிருப்பவர் தாங்க முடியாமல், “தள்ளுங்க, நானே வரேன்” என்று திரும்ப ஏறினால், அந்தக் காட்சி வேறு மாதிரிப் போகும்.

1960களில் வீடியோ டேப் சிகிச்சை அறைக்குள்ளும் வந்தது. சினிமாச் சுருள் போல லேபில் கழுவக் காத்திருக்க வேண்டாம். அப்போதே போட்டுப் பார்க்கலாம். நியூயார்க்கில் இயன் ஆல்கர், பீட்டர் ஹோகன் என்ற இரு மனநல மருத்துவர்கள் தம்பதியரின் பேச்சைப் பதிந்து, உடனே அவர்களுக்கே போட்டுக் காட்டினார்கள். தோன்றிய இடத்தில் டேப்பை நிறுத்தச் சொல்லிப் பேசலாம். “நான் எங்க கத்தினேன்?” என்று கேட்டவர் பதில் சொல்ல வேண்டியது இப்போது மனைவிக்கு அல்ல, திரைக்கு.

ஆனால் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. டேப் நம் முகத்தைத் துல்லியமாகக் காட்டும், அவ்வளவுதான். ஏற்கெனவே தன்னை வெறுக்கிற ஒருவருக்கு அது இன்னொரு சாட்சியம் ஆகிவிடலாம். மொரேனோவின் கண்ணாடி ஒரு சக மனிதர். நம்மைப் போல நடித்தவர் முடிந்ததும் பக்கத்தில் வந்து உட்காருவார், தன் வாழ்க்கையிலிருந்தும் எதையாவது பகிர்வார்.

அதனால் குழுவில் கேமரா வைப்பவர்களிடம் நான் கேட்பது இரண்டுதான். பதிவை யார் வைத்திருப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்பது முதலிலேயே முடிவாகியிருக்கணும். போட்டுக் காட்டியதோடு கிளம்பிவிடாமல், அதே காட்சியை இன்னொரு தடவை வேறு மாதிரி நடித்துப் பார்க்க நேரம் இருக்கணும். பார்பராவுக்கு அந்த நேரம் கிடைத்தது.